கும்பக்கரைக்கு மேலே

கும்பக்கரை அருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கொடைக்கானல் மலையில் பாம்பார் சோலைக் காட்டில் ஊறும் நீர்தான் பாறைகளில் வழுக்கி இறங்கி, பெரியகுளத்துக்கு அருகே இப்படி விழுகிறது. பிறகு வைகைக்குப் போகிறது. அந்தச் சோலைக்கு மேலே, மலை விளிம்பில், ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது.

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஆலை அது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில், கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடை ஒன்றில் ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பது வெளியே தெரிந்தது. ஊர் திரண்டது, ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. மண்ணுக்குள் இறங்கியது மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பாதரசம் எப்படிப் பரவும் என்பதைத் தங்கச் சுரங்கங்களில் பார்க்கலாம். உலகில் மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. மணலில் உள்ள பொன் துகளைப் பாதரசம் கவ்விக்கொள்ளும். அந்த உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மிஞ்சும். ஆவி சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலுக்கும் ஆற்றுக்கும் போகும். கொடைக்கானலில் பொன் இல்லை, ஆவியும் ஆறும் உண்டு.

உண்மையான வில்லங்கம் சேற்றில்தான். காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி, பூச்சி, சின்ன மீன், அதைத் தின்னும் விரால் என்று ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடும். மீனை எத்தனை முறை கழுவினாலும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அதிகம் பாதிக்கப்படுவது கருவில் வளரும் குழந்தையின் மூளை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட பாதரச நச்சு நோய் பின்னர் இதைக் காட்டிவிட்டது.

கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாக ஹைதராபாத் விஞ்ஞானிகளின் ஆய்வு 2006-ல் வெளியானது. ஆலை மண்ணைத் துப்புரவாக்க நிர்ணயித்த அளவோ, கிலோவுக்கு 20 மில்லிகிராம். சமதளத்துக்கு அது போதலாம். மழை அடித்துக்கொண்டு போகும் சரிவுக்குப் போதாது என்பேன்.

பெரியகுளம் கண்மாய் மீனையும் வைகை அணை மீனையும் ஆண்டுதோறும் சோதித்து, அளவை மீன் விற்கும் இடத்திலேயே பலகையில் எழுதிப் போடுங்கள். வாங்குகிறவர் படித்துக்கொள்வார்.