காற்று போனால் நிற்கும் வண்டி

ஓடிக்கொண்டிருந்த ரயிலின் கப்ளிங் கழன்று பெட்டிகள் இரண்டாகப் பிரிந்தன என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. பெரும்பாலும் ‘பயணிகள் அதிர்ஷ்டவசமாகத் தப்பினர்’ என்று முடியும். அதிர்ஷ்டத்துக்கு அங்கே பெரிய வேலை இருந்திருக்காது. எஞ்சினோடு போன பாதியும் நின்றிருக்கும். எஞ்சினை இழந்த பாதியும் நின்றிருக்கும். பின்பாதியில் பிரேக் போட டிரைவரே கிடையாது. ஆனாலும் அது தானாக நிற்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க இளைஞர் ஒருவர் யோசித்த ஏர் பிரேக்தான் காரணம்.

அதற்கு முன் ரயிலை நிறுத்துவது கைவேலை. அமெரிக்கச் சரக்கு ரயில்களில் பிரேக்மேன் என்று தனி ஆட்கள் இருந்தார்கள். எஞ்சின் விசில் அடித்ததும் ஓடும் வண்டியின் கூரைமேல் நடந்து, வேகன் வேகனாகத் தாவி, ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் இரும்புச் சக்கரத்தைத் திருக வேண்டும். பனியிலும் மழையிலும் இருட்டிலும் இதே வேலை. வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

1869-இல் அந்த இளைஞர், ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், தன் 22-ஆம் வயதில் ஏர் பிரேக்குக்கான முதல் காப்புரிமை பெற்றார். எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர். அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு குழாய். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று பாய்ந்து பிரேக்கை அழுத்தும். நல்ல யோசனைதான். ஆனால் குழாய் எங்கேயாவது அறுந்தால் பிரேக்கே இல்லை. எந்த நேரத்தில் பிரேக் மிகவும் தேவையோ, அந்த நேரத்தில் கைவிட்டுவிடும்.

1872-இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். எனக்குத் தெரிந்து பொறியியலில் இவ்வளவு உயிர்களைக் காத்த மாற்றங்கள் குறைவு. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடும் பிரேக் பைப்பில் எப்போதும் அழுத்தத்தோடு காற்று நிறைந்திருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஒரு காற்றுக் கலன் உண்டு. அதை அந்தப் பைப்பே நிரப்பி வைக்கும். பைப்பில் அழுத்தம் முழுதாக இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. அழுத்தம் குறைந்த கணமே அந்தந்தப் பெட்டியின் கலனிலிருந்து காற்று பிரேக் சிலிண்டருக்குள் பாய்ந்து, பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு அழுத்தும். இதைச் செய்வது ஒரு சின்ன வால்வு. உள்ளே ஒரு பிஸ்டன்; அதன் ஒரு பக்கம் பைப்பின் காற்று, மறுபக்கம் கலனின் காற்று. அழுத்தம் குறைந்த பக்கமாகப் பிஸ்டன் நகரும். கலனை நிரப்புவது, பிரேக்கைப் போடுவது, விடுவிப்பது என மூன்று வேலைகள் என்பதால் டிரிபிள் வால்வு என்று பெயர். நிறுத்தும் சக்தி எஞ்சினில் இல்லை; ஒவ்வொரு பெட்டியும் தன் அடியிலேயே சுமந்து போகிறது. பைப் வெடித்தாலும், பெட்டி பிரிந்தாலும் காற்று வெளியேறும், வண்டி நிற்கும்.

நம் ரயில்களில் பிரேக் பைப்பின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. லோகோ பைலட் அதில் அரைக் கிலோ குறைத்தால் வண்டியின் வேகம் மெல்லத் தணியும். ஒன்றரைக் கிலோ குறைத்தால் முழு பிரேக். பெட்டியில் அபாயச் சங்கிலியை இழுக்கும்போது உஸ்ஸென்று கேட்பது பைப்பிலிருந்து காற்று வெளியேறும் சத்தம். எஞ்சினில் லோகோ பைலட்டின் எதிரே இருக்கும் மீட்டரில் முள் இறங்க, யாரோ சங்கிலியை இழுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படி ஒரு பிரேக் கையில் இருந்தும் கம்பெனிகள் அதைப் பூட்டத் தயங்கின. காரணம் செலவு. அந்தத் தயக்கத்தின் விலையை 1889 ஜூன் 12-ஆம் தேதி அயர்லாந்தின் ஆர்மா நகரத்துக் குழந்தைகள் கொடுத்தார்கள். ஞாயிறு பள்ளிச் சுற்றுலாவுக்காக 900-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு வாரன்பாயிண்ட் கடற்கரைக்குக் கிளம்பிய ரயில் அது. 15 பெட்டிகள். ஏற்றத்தில் எஞ்சினால் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. முன் ஐந்து பெட்டிகளை மட்டும் அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு வந்து மீதியை இழுக்கலாம் என்று முடிவு செய்து வண்டியைப் பிரித்தார்கள். அந்த ரயிலில் இருந்தது சாதாரண வாக்குவம் பிரேக். எஞ்சின் காற்றை உறிஞ்சினால்தான் அது பிடிக்கும். பிரித்ததும் பின்னாலிருந்த பத்துப் பெட்டிகளையும் தாங்கியது கார்டு வண்டியின் கை பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த சில கற்களும் மட்டும்தான். கிளம்பும்போது முன்பாதி லேசாகப் பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டு, பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் மோதின. கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் உள்ளிருந்தவர்கள் வெளியே குதிக்கவும் வழியில்லை. சுமார் 80 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

தானியங்கி பிரேக் இருந்திருந்தால், பெட்டிகளைப் பிரித்த நொடியே பத்திலும் பிரேக் விழுந்திருக்கும். பிரிட்டிஷ் அரசு அதிகாரிகள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றே மாதத்துக்குள் பயணிகள் ரயில் அனைத்திலும் தானியங்கி பிரேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அமெரிக்காவில் சரக்கு ரயில்களுக்கும் சேர்த்து 1893-இல் சட்டம் வந்தது. பிரேக்மேன்கள் கூரையிலிருந்து இறங்க வழி பிறந்தது.

பிரேக் தானியங்கி என்றாலும் அதன் உயிர் பெட்டிகளுக்கு இடையில் தொங்கும் ரப்பர் ஹோஸ்களில் இருக்கிறது. பிளாட்பார ஓரமாகக் குனிந்து பார்த்தால் தெரியும்: ஹோஸ் தொடங்கும் இடத்தில் கைப்பிடி வைத்த ஒரு வால்வு, ஆங்கிள் காக். அதை மூடினால் அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு எஞ்சினோடு தொடர்பு அற்றுப்போகும். எஞ்சின் மாட்டியதும் முன்னால் அழுத்தத்தைக் குறைத்து, கடைசிப் பெட்டியின் மீட்டரிலும் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வண்டி கிளம்பத் தாமதமாகிறது என்று நாம் முணுமுணுக்கும் அந்தச் சில நிமிடங்கள் மிகவும் மதிப்புள்ளவை.

1988 ஜூன் 27-ஆம் தேதி பாரிஸ் அருகே நடந்தது இதற்குச் சான்று. புதிய கால அட்டவணைப்படி தன் நிலையத்தில் வண்டி நிற்காது என்று தெரிந்த பயணி ஒருவர் அபாய பிரேக்கை இழுத்து இறங்கிப் போனார். பிரேக்கை விடுவிக்க இறங்கிய டிரைவர், முதல் பெட்டிக்கும் இரண்டாவதுக்கும் இடையே இருந்த வால்வைத் தெரியாமல் மூடிவிட்டார். பின் பெட்டிகளுக்குக் காற்று போகவில்லை. அவற்றின் பிரேக்குகள் இறுகிக் கிடந்தன. காற்று அடைத்துக்கொண்டது என்று நினைத்து ஒவ்வொரு பெட்டியாகக் காற்றைத் திறந்துவிட்டார்கள். பிரேக் தளர்ந்தது. கலன்கள் காலி. ஒரே ஒரு பெட்டியின் பிரேக்கோடு வண்டி கிளம்பியது. தாமதத்தை ஈடுகட்ட அடுத்த நிறுத்தத்தையும் விட்டுவிடச் சொன்னார்கள். அங்கே நிறுத்த முயன்றிருந்தால் குறை அப்போதே தெரிந்திருக்கும். பாரிஸின் கார் த லியோன் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலில் மோதி 56 பேர் இறந்தார்கள்.

ஏர் பிரேக்குக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது ஓடும் வண்டியை நிறுத்தும். நின்ற வண்டியை நாள்கணக்கில் பிடித்துவைக்காது. எந்தக் கலனும் கொஞ்சமாவது கசியும். 2013 ஜூலை 5 இரவு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில், 72 டேங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் ஒன்றைச் சரிவான பாதையில் நிறுத்திவிட்டு ஒற்றை டிரைவர் ஓய்வெடுக்கப் போனார். ஏழு கை பிரேக்குகளை மட்டும் போட்டிருந்தார். அவை தாங்குமா என்று சோதித்தபோது எஞ்சின்களின் ஏர் பிரேக்கும் பிடித்திருந்தது. அதனால் தாங்குவதுபோல் தெரிந்தது. இரவில் எஞ்சினில் தீப்பிடிக்க, தீயணைப்புப் படையினர் அதை அணைத்து எஞ்சினையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். கம்ப்ரசர் நின்றது. காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. நள்ளிரவு கடந்து வண்டி தானாக உருளத் தொடங்கி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து, லாக் மெகாந்திக் ஊரின் நடுவில் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் மாண்டார்கள். குறைந்தது 17 கை பிரேக்குகளாவது போட்டிருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரியவந்தது.

அதன் பிறகு கனடாவில் அபாயச் சரக்கு ரயில்களுக்கு இரண்டு பேர் கட்டாயமானார்கள். ஆனால் சரிவில் வண்டி உருள எண்ணெய் டேங்கர்தான் வேண்டும் என்பதில்லை. 2024 பிப்ரவரி 25 காலை, ஜம்மு பகுதியின் கதுவா நிலையத்தில் ஜல்லி ஏற்றி நின்ற 53 வேகன் ரயில் ஒன்று ஆளில்லாமல் கிளம்பி, 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிப் பஞ்சாபுக்குள் போனது. வழியில் லெவல் கிராசிங்குகளையெல்லாம் மூடி வைத்தார்கள். கடைசியில் ஹோஷியார்பூர் மாவட்டத்தின் ஊச்சி பஸ்ஸி அருகே தண்டவாளத்தில் மரக்கட்டைகளைப் போட்டு நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை. கதுவாவில் ஆட்கள் இறங்கிப் போகும் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்க வேண்டியதும் மரக்கட்டைகளைத்தான்.