வீதியில் இறங்கும் முன்: சுவீடனில் நான் கற்ற பாடம்



நாற்பது ஆண்டுகளாகப் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்து வரும் எனக்குப் பயணக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இன்று நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்க நாமும் அறுபது வயதுக்கு மேல் விமானம் ஏறுகிறோம். அப்படிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றே, நான் ஒரு நொடியில் உயிர் தப்பிய கதையை இங்கே எழுதுகிறேன்.

என் மகளும் மருமகனும் சுவீடன் நாட்டின் கோதென்பர்க் நகரில் வேலை பார்க்கிறார்கள். அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் அது. ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் ‘யோத்தபோரி’ என்று வருகிறது. தீபாவளி வியாபாரம் முடிந்ததும், நவம்பர் கடைசியில் புறப்பட்டு, பொங்கலுக்கு முன் திரும்பும்படி போய் வந்தேன்.

நின்ற கார்களும் நிற்காத டிராமும்

போன முதல் நாளே என்னை வியக்க வைத்தது வரிக்கோடு போட்ட நடைபாதைக் கடப்புதான். சிக்னல் இல்லாத இடத்தில்கூட, நாம் ஓரத்தில் போய் நின்றாலே கார் நின்று விடுகிறது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் முதல், இப்படிப்பட்ட கடப்பில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். லாரியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. மூன்று நாளில் எனக்கு ராஜநடையே வந்து விட்டது!

நான்காம் நாள், அதே மாதிரி ஒரு கடப்பில் கால் வைத்தேன். ‘டிங் டிங்’ என்று மணிச் சத்தம். என் மகள் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மூக்குக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, நீல நிற டிராம் ஓடி மறைந்தது. “அப்பா, கார்தான் நிற்கும். டிராம் நிற்காது!” என்றாள். அவள் கை நடுங்கியது. என் காலும் நடுங்கியது.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. கடப்பில் வழிவிடும் சட்டம் டிராமுக்குப் பொருந்தாது. டிராமுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். காரணம் எளிது. புதிய வண்டி ஒன்று ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், எடை 30 டன்னுக்கு மேல். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, ஒதுங்கவும் முடியாது. அந்த எடை என்ன செய்யும் என்பதை அவ்வூர் மறக்கவில்லை. 1992 மார்ச் 12 அன்று, மேட்டில் மின்சாரம் இல்லாமல் நின்ற ஒரு டிராம், பிரேக் விடுவிக்கப்பட்டதால் பின்னோக்கி உருண்டு வாசாபிளாட்சன் என்ற இடத்தில் மக்கள் மேல் பாய்ந்தது. 13 பேர் மாண்டார்கள்.

நம் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறோம். புது வாடிக்கையாளர் முதல் இரண்டு தவணை சொன்ன நாளில் பணம் கட்டுவார். மூன்றாம் முறை விசாரிக்காமல் லோடு அனுப்பி விடுவோம். அடி விழுவது அங்கேதான். எனக்கு அன்று நடந்ததும் அதுவே. கார்கள் கொடுத்த நம்பிக்கையை டிராமின் கணக்கில் வரவு வைத்து விட்டேன்.

ஒரே இரவில் பக்கம் மாறிய நாடு

இன்னொரு ஆபத்து நம் கழுத்தில் இருக்கிறது. நம் ஊரில் வண்டி இடதுபக்கம் போகும். ஆகவே சாலையைக் கடக்க முதலில் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். சுவீடனில் வண்டிகள் வலதுபக்கம் போகின்றன. முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அறுபது வருடப் பழக்கத்தை அத்தனை எளிதில் மாற்ற முடியவில்லை.

அந்த நாடே ஒரு காலத்தில் நம்மைப் போல் இடதுபக்கம்தான் வண்டி ஓட்டியது. 1955 இல் மாற்றலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தபோது, பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அண்டை நாடுகளில் வலதுபக்கப் போக்குவரத்து என்பதால், 1963 இல் நாடாளுமன்றம் மாற்றத்துக்கு முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை, சாலையில் இருந்த வண்டிகள் நின்று, மெதுவாக வலப்பக்கம் ஒதுங்கி, சரியாக 5 மணிக்கு மறுபடி கிளம்பின. ‘டாகன் ஹோ’ என்று இன்றும் அந்த நாளைச் சொல்கிறார்கள்.

விபத்துகள் பெருகும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்ததோ வேறு. பயத்தில் எல்லோரும் கவனமாக ஓட்டியதால் விபத்துகள் குறைந்தன. புதுப் பக்கம் பழகிப் போனதும், இரண்டு வருடத்துக்குள் பழைய அளவுக்கே வந்து விட்டன. பழகிய பிறகுதான் கவனம் குறைகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

துறைமுக வாசலில் மூழ்கிய கப்பல்

வணிகர் என்ற முறையில் நான் ஆசைப்பட்டுப் பார்த்த இடம் அந்நகர அருங்காட்சியகம். 1731 இல் தொடங்கிய சுவீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கட்டடம் அது. அக்கம்பெனியின் கப்பல் ஒன்று 1733 இல் நம் பரங்கிப்பேட்டைக்கே வந்து பண்டகசாலை வைக்க, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்து அதைப் பறித்தார்கள். போட்டி வியாபாரம் அன்றைக்கும் அப்படித்தான்!

அதே கம்பெனியின் ‘யோத்தபோரி’ என்ற கப்பல் சீனா சென்று, தேயிலை, பட்டு, பீங்கான் ஏற்றி, இரண்டு வருடத்துக்கு மேல் கடல்களைக் கடந்து திரும்பியது. 1745 செப்டம்பர் 12 அன்று, சொந்தத் துறைமுக வாசலில், ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டபோது டிராம் மணிதான் என் காதில் ஒலித்தது.

பனியும் இருட்டும்

டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கே அங்கே இருட்டி விடுகிறது. கறுப்புக் கோட்டு போட்டு நடப்பவர், மங்கல் விளக்கில் வரும் காரோட்டிக்குச் சுமார் 25 மீட்டரில்தான் தெரிவார். கோட்டில் ஒளியைத் திருப்பி அடிக்கும் சிறு வில்லை ஒன்றைத் தொங்க விட்டால் சுமார் 125 மீட்டரிலேயே தெரிவார். நாம் வாடிக்கையாளருக்குக் காலண்டரும் மஞ்சள் பையும் கொடுப்பது போல, அங்கே நிறுவனங்கள் தங்கள் பெயர் அச்சடித்த இந்த வில்லையை இலவசமாகக் கொடுக்கின்றன. உயிர் காக்கும் விளம்பரம்!

கடலோர ஊர் என்பதால் பகலில் உருகும் பனி இரவில் கண்ணாடியாக உறைந்து விடுகிறது. நம் ஊர்ச் செருப்பும் ஷூவும் அதில் எடுபடாது. ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டை கடைகளில் கிடைக்கிறது. வாங்கி மாட்டிக்கொண்டு, சிறு சிறு அடியாக வைத்து நடக்க வேண்டும். நம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பயணம் மட்டுமல்ல, கடையும் படுத்து விடும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. நடைபாதையை ஒட்டியே சைக்கிள் பாதை இருக்கும். சத்தமே இல்லாமல் வேகமாக வருவார்கள். அதில் நின்று பேசாதீர்கள். மின் ஸ்கூட்டரை நடைபாதையில் ஓட்டவும் நிறுத்தவும் 2022 செப்டம்பர் முதல் தடை உண்டு. ஆனாலும் கண் வையுங்கள்.

2. டாக்சிக் கட்டணம் 1990 முதல் அரசுக் கட்டுப்பாட்டில் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. உரிமம் பெற்ற வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய விலைத் தாளைப் பார்த்து, கேட்டு உறுதி செய்த பிறகே ஏறுங்கள்.

3. பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். 2016, 2017 இல் பழைய குரோனா நோட்டுகள் பல செல்லாமல் போயின. தெரிந்தவர் கொடுத்தாலும் நோட்டைச் சரிபார்த்து வாங்குங்கள்.

4. ரயில் நிலையத்திலும் அதை அடுத்த பெரிய அங்காடியிலும் கூட்டம் அதிகம். பாஸ்போர்ட்டும் பணப்பையும் உள்பையில் இருக்கட்டும்.

5. கூரையிலிருந்து பனிக்கட்டி விழும் என்று தடுப்பு வைத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள். சுற்றிப் போங்கள்.

6. ஆபத்துக்கு 112. உடல்நல ஆலோசனைக்கு 1177. அவசரமில்லாத போலீஸ் உதவிக்கு 114 14. சட்டைப் பையில் எழுதி வையுங்கள்.

7. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விலை குறைந்ததைத் தேடாமல், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் பொருந்துமா என்று படித்து வாங்குங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் கடைக்குக் கிளம்பினேன். சுவீடன் பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே நம் பஜாரில் இறங்கினேன். வலப்பக்கத்திலிருந்து வந்த லோடு வேன் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “என்ன அண்ணாச்சி, வீட்ல சொல்லிட்டு வந்தீகளா?” என்றான். நியாயமான கேள்வி! பிறந்து வளர்ந்த தெருவிலும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது எந்தத் தெருவானாலும், ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே இறங்குகிறேன். வாய்ப்புக் கிடைக்கும் வணிகப் பெருமக்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வாருங்கள். பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.