அழாத கண்ணீர்

கண்ணீர் எங்கே பிறக்கிறது என்பதைப் பாடிய புலவர் பலர். அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டவர் மிகச் சிலரே. மூக்கையொட்டிய கண்ணோரத்தில், மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக ஊசிமுனையளவு துவாரங்கள் இரண்டு உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமான நுண்குழாய்கள் புறப்பட்டு, கண்ணீர்ப் பையின் வழியாக மூக்கினுள் நீரை இறக்குகின்றன. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனாலேதான். இவ்வடிகால் அடைபட்டால், துயரமே இல்லாதவர் கன்னத்திலும் நீர் வழியும்.

கல்கிசையில் என் அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். வாரந்தோறும் மருந்தேற்றி வந்தவருக்குச் சில வாரங்களில் கண்கள் ஓயாது நீர் சொரியலாயின. பார்க்கப் போனவர்களெல்லாம், "மனதைத் தளரவிடாதேங்கோ ரீச்சர்" என்று தேற்றினார்கள்.

"நான் அழேல்லைத் தம்பி, கண் தானாய் ஓடுது. புத்தகத்தை விரிச்சால் எழுத்தெல்லாம் மிதக்குது" என்றார் அவர் என்னிடம்.

தேற்றியவர்களுள் ஒருவரேனும் இதை வைத்தியரிடம் சொல்லும்படி கூறவில்லை. உயிருக்கே போராடும் வேளையில் கண்ணீரைப் பற்றி முறையிடுவதா என்று அவரும் கூசியிருந்தார்.

அவருக்கு ஏற்றப்பட்டது டோசிடாக்சல் என்னும் மருந்து. அது கண்ணீரிலும் கசிந்து, நுண்குழாயின் உட்சுவரை அழலச் செய்து, நாளடைவில் தழும்பாக்கி ஒட்டவைத்துவிடுகிறது. ஹூஸ்டன் நகரக் கண் வைத்தியர் பீட்டா எஸ்மைலியும் குழுவினரும் 2001ஆம் ஆண்டளவில் இதனை எடுத்தெழுதினர். மூன்று வாரத்துக்கொருமுறை ஏற்றுவோரைவிட, வாரந்தோறும் ஏற்றுவோரிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இங்கே காலமே பெரிது. குழாய் ஒடுங்கத் தொடங்கும்போதே கண்டுகொண்டால், சொட்டு மருந்தாலும், மெல்லிய சிலிக்கன் குழாயைச் சில காலம் செருகி வைப்பதாலும் வழியைக் காக்கலாம். புற்றுநோய் மருந்தையும் பெரும்பாலும் தொடரலாம். முற்றாக ஒட்டிய பின்னரோ, கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணாடிக் குழாய் பொருத்திப் புதுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதாகும்.

ஏனைய மருந்துகளும் கண்ணை விட்டுவைப்பதில்லை. நம் முற்றத்துப் பட்டிப்பூச் செடி தரும் வின்கிறிஸ்ரின் சிலருக்கு இமையைத் தொங்கச் செய்யும். புளூரோயுராசிலும் கண்ணீரைப் பெருக்கும். தமொக்சிபன் அரிதாக விழித்திரையைத் தொடும். உடன் கொடுக்கப்படும் ஸ்ரீரொயிட் மருந்து, நெடுங்காலம் உட்கொண்டால், கண்புரையை விளைவிக்கும்.

மருந்தேற்றும் நாளில், இரத்தப் பரிசோதனைத் தாளோடு, எந்தக் கண் எப்போதிருந்து ஒழுகுகிறது என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகலாம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலிருந்து கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலை அதிக தூரமில்லை.