மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள்!

நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே நோயல்ல. எந்த வகை என்பதைச் சொல்வது, ஊசி மூலம் எடுக்கும் சிறு சதைத் துணுக்குதான். அதை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றுவார்கள். தேடுகிற புரதம் இருக்குமிடத்தில் பழுப்பு நிறம் ஏறும்.

டி.டி.எஃப்.-1 என்ற புரதம் தெரிந்தால் பெரும்பாலும் சுரப்பி வகை. பி-40 தெரிந்தால் செதிள் வகை. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பெமெட்ரெக்செட் என்ற மருந்து முதல் வகைக்குக் கேட்கும். இரண்டாவதற்குப் பயன் தராது. கே.ஐ.-67, கட்டியில் எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். பி.டி.-எல்.1 அளவைப் பார்த்து, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் மருந்தை முடிவு செய்வார்கள்.

2007-ல் ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழுவினர், சிலரது கட்டியில் ஏ.எல்.கே. என்ற மரபணு இடம் மாறி ஒட்டியிருப்பதைக் கண்டறிந்தனர். இதனால் உண்டாகும் புரதத்தையும் சாயம் காட்டிவிடும். அதை அடக்கும் கிரிசோடினிப் மருந்துக்கு அமெரிக்காவில் 2011-லேயே அனுமதி கிடைத்தது. இந்தக் கோளாறு நூற்றில் சுமார் ஐந்து பேருக்குத்தான். அவர்களில் பலர் சிகரெட்டைத் தொடாதவர்கள். ஆகவே, "இவருக்கு எதற்கு இந்தச் சோதனை?" என்று தள்ளிவிடக் கூடாது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இன்னொரு விஷயம். சிகிச்சைக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ புறப்படும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். பிளாக் எனப்படும் அந்த மெழுகுக் கட்டியையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் கெடாது. அது கையில் இல்லாவிட்டால், சோர்ந்துபோன நோயாளிக்கு மறுபடியும் ஊசி. மருந்து தொடங்க வேண்டிய நாட்களும் வீண்.