வந்தவர் எத்தனை பேர்?

மாணவர்களே, “எங்கள் இணையதளத்துக்கு ஒரே மாதத்தில் ஒரு லட்சம் பேர் வந்தனர்” என்று ஒருவர் கூறினால், அதனை அப்படியே நம்பலாமா? அந்த எண் பிறக்கும் வழியை அறிந்த பின்னரே விடை கூற இயலும்.

இணையப் பக்கங்கள் இரு வகைப்படும். அச்சிட்ட நூலைப் போல முன்னரே எழுதி வைக்கப்பட்டவை ஒரு வகை. தரவுத்தளத்திலிருந்து செய்திகளை எடுத்து, வேண்டும்போது ஆக்கித் தரப்படுபவை மற்றொரு வகை. விக்கிப்பீடியா இவ்விரண்டாம் வகையினது.

சர்வர் எனப்படும் வழங்கு கணினி, தன்னிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறிக்கிறது. பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்தால் பதினொரு வரிகள் விழக்கூடும். வரிகளை எண்ணிவிட்டு ஆட்களை எண்ணியதாகக் கூறுவது பிழையன்றோ?

ஆக்கித் தரும் தளங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஒரே நிரல் ஆயிரம் பக்கங்களைத் தரும். எந்தப் பக்கம் வேண்டும் என்பது பல தளங்களில் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னே இருக்கும். அப்பகுதியை நீக்கி எண்ணினால் ஆயிரம் பக்கங்களும் ஒன்றாகிவிடும். நீக்காமல் எண்ணினாலோ, அங்கே ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒட்டப்பட்டிருப்பின், ஒரே பக்கம் ஆயிரமாகத் தோன்றும். ஆதலின், பக்கத்தைச் சுட்டும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து எண்ண வேண்டும்.

ஆளை அறிவதும் எளிதன்று. ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் கல்லூரி மாணவர் நூறு பேரும் ஒரே முகவரியில் தோன்றலாம். இத்தகைய குறையைப் போக்க உதவுவது ‘குக்கீ’ என்னும் சிறு அடையாளம். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்பார் இதனை வகுத்தார். ஆனால் அதை அழித்துவிட்டு மீண்டும் வருபவர் புதியவராகவே எண்ணப்படுவார்.

தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும் இரவு பகலாகப் பக்கங்களைப் படிக்கின்றன. 2005இல் வெளிவந்த கூகுள் அனலிட்டிக்ஸ் போன்றவை, பக்கத்தினுள் வைத்த சிறு நிரல் பார்வையாளரின் கணினியில் இயங்கினால் மட்டுமே எண்ணுகின்றன. அதனால் பல தானியங்கிகள் கணக்கில் வாரா. அந்நிரலைத் தடுத்து வைத்திருக்கும் மெய்யான வாசகரும் வாரார்.

இவ்வெண்களைக் கொண்டே விளம்பர விலை பேசப்படுகிறது. எப்பக்கத்தை வைப்பது, எதனை நீக்குவது என்பதும் முடிவாகிறது. தவறாக எண்ணப்பட்டால், சிலருக்கு இன்றியமையாத ஒரு பக்கம் பயனற்றதென்று மறைந்துபோகக்கூடும். வருகைப் பதிவேட்டைப் பல்லாண்டு கையாண்ட ஆசிரியன் நான். வகுப்பில் இருந்தவர் எத்தனை பேர் என்று அது கூறும். பாடம் விளங்கியவர் எத்தனை பேர் என்று கூறாது. ஆகவே, எந்த எண்ணைக் கண்டாலும், எது எண்ணப்பட்டது, எது விடப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.