மலையும் கடலும் – 11: தகர டிக்கட்டும் காப்புறுதி அட்டையும்

சென்ற வாரம் முகவர் கட்டணத்தோடு நிறுத்தியிருந்தோம். மஸ்கெலியாவிலிருந்து வெளிநாடு போகிற ஒரு பெண் விமானம் ஏறுமுன்பே எவ்வளவு கடனாளியாகிறார் என்ற கணக்கு வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நோய்ச் செலவு. போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் பணம் யார் கட்டுவது, அதற்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்புறுதி எங்கே கிடைக்கும் என்பது கேள்வி. கோயில் யாத்திரைக்கும் உறவினரைப் பார்க்கவும் போய்வருகிறவர்களின் பயணக் காப்புறுதியையும் இதே கட்டுரையில் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் 1901ஆம் ஆண்டின் சிறு தகர வில்லை ஒன்று இந்த வாரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குள் நுழைய எனக்கு மனமில்லை.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்த பயணமும் வெளிநாட்டுப் பயணம்தான். அதன் முதற்கட்டம் வடக்குப் பாதை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடை. காலரா, அம்மை, பசி என எது பிடித்தாலும், நடக்க முடியாதவர் வழியிலேயே விடப்பட்டார். அவருக்கு யார் பொறுப்பு என்று கேட்க வழியில் ஆளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் பிளேக் பரவியபோது அந்தப் பாதை மூடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வருவதும் ராகம முகாமில் தங்கவைக்கப்படுவதும் வழக்கமாயிற்று. அந்தக் காலத்தில், 1901இல் நடைமுறைக்கு வந்ததுதான் தகர டிக்கட். தொழிலாளிக்கு ஒரு சிறு உலோக வில்லை கொடுப்பார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் கையில் ஒரு சதம் இல்லாமலே கப்பலேறலாம், முகாமில் சாப்பிடலாம், ரயிலேறி மலைக்கு வரலாம். செலவெல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை, வழியில் உள்ள ஒவ்வொரு உத்தியோகத்தரும் ஒரு கேள்வி கேட்காமல் தெரிந்துகொள்ள அந்த வில்லை போதுமானதாக இருந்தது. பொறுப்பாளியின் அடையாளம் பயணியின் உடம்பிலேயே இருந்தது என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விடயம்.

1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதற்காகவே தொழிலாளர் ஆணையகம் ஒன்று திருச்சியில் அமைந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் மண்டபம் முகாம் முக்கியமாயிற்று. அங்கே சில நாட்கள் தடுத்துவைத்து, தொற்று இருக்கிறதா என்று பார்த்து, அம்மைப்பால் குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்கள் மறுபக்கமாகப் போய் இறங்கியதும், 1983க்குப் பின் அகதிகள் போய்ச் சேர்ந்ததும் அதே மண்டபத்தில்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை. நமக்கு இப்போது வேண்டியது அந்த வைத்தியப் பரிசோதனை யாருக்காக நடந்தது என்பது. தோட்டத்துக்கு நோய் வராமல் இருக்கவும், வருகிற ஆள் உடனே வேலைக்கு நிற்கவும் நடந்தது. பயணிக்கு அதனால் நன்மை கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்; அம்மைப்பால் உயிர் காத்தது. ஆனால் அந்தப் பரிசோதனையை யாருக்காக வைத்தார்களோ அவர் முகாமில் இல்லை, மலையில் பங்களாவில் இருந்தார்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. தகர டிக்கட்டைக் கொண்டாடலாமா, அந்தச் செலவு கடைசியில் கங்காணியின் கணக்கு வழியாகத் தொழிலாளியின் கடனாகத்தானே வந்து விழுந்தது என்று கேட்கலாம். உண்மை. ஆளின் கடனைச் சீட்டில் எழுதிக் கைமாற்றும் துண்டு முறை ஒழிந்த 1921 வரை அந்தக் கடன்தான் ஆட்களைத் தோட்டத்தில் கட்டிவைத்தது. ஆகவே அந்த முறையை நான் முன்மாதிரியாக வைக்கவில்லை. அதிலிருந்து இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: செலவை யார் ஏற்கிறார், ஏற்பதற்கான அத்தாட்சி யார் கையில் இருக்கிறது. முதற்கேள்விக்கு இந்த மலையில் 1872இலேயே ஒரு சட்டப் பதில் வந்தது. தோட்ட மாவட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் அந்த ஆண்டு இயற்றப்பட்டு, தோட்டங்களிடமிருந்து வரி அறவிட்டு வைத்திய வசதிக்குச் செலவிடும் ஏற்பாடு தொடங்கியது. துரைமார் எதிர்த்தார்கள். நடைமுறை நெடுங்காலம் குறைபாடாகவே இருந்தது. தோட்ட டிஸ்பென்சரிகளின் நிலையை இன்றும் மஸ்கெலியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் உழைப்பைப் பெறுகிறவரே உழைப்பவரின் நோய்ச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த மலைக்கு ஒன்றரை நூற்றாண்டாகத் தெரிந்த கொள்கை. வளைகுடாவுக்குப் போகிற நம் பெண்கள் அதைக் கேட்பதில் புதிதாக எதுவும் இல்லை.

இன்று மண்டபத்தின் இடத்தில் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை நிலையம் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை எனப் பட்டியல் நீள்கிறது. ஒன்றில் தவறினாலும் விசா இல்லை. உடம்பைச் சோதிக்கும் பகுதி ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. அந்த உடம்பு பின்னர் நோயுற்றால் பார்க்கும் பகுதிதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அபுதாபியில் 2005ஆம் ஆண்டுச் சட்டம், துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின்படி ஊழியருக்குக் காப்புறுதி எடுப்பது தொழில்தருநரின் கடமை. மற்ற எமிரேட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல் தனியார்துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் காப்புறுதி இல்லாமல் வதிவிட அனுமதி வழங்குவதோ புதுப்பிப்பதோ இல்லை. அடிப்படைத் திட்டத்தின் விலை ஆண்டுக்கு 320 திர்ஹாம். சவுதியில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் தனியார்துறை ஊழியரைக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. வீட்டுப் பணியாளர் அதற்கு வெளியே நின்றார்கள். 2024 ஜூலை முதல்தான், அதுவும் ஒரே எஜமானிடம் நால்வருக்கு மேல் வேலை செய்தால், கட்டாயமாயிற்று. ஒரு வீட்டில் ஒருவராக வேலை செய்கிறவர்தான் நம் ஊரிலிருந்து போகிற பெண். அவருக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அதே ஆண்டு பெப்ரவரியில் சவுதியில் இன்னொரு காப்புறுதி கட்டாயமாயிற்று. வீட்டுப் பணியாளர் வேலைக்கு வராமல் நின்றாலோ இறந்தாலோ எஜமானுக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்வது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. காப்புறுதி என்ற பெயரைக் கேட்டதும் அது நமக்கானது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

320 திர்ஹாம் என்பது 2025இன் நாணய மாற்று விலையில் ஏறக்குறைய 26,000 ரூபாய். 2024இல் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 19 முழுப் பேர், அதாவது 19 முழுநாள் வேலை. ஒரு மாதத்தில் அத்தனை பேர் விழாத தோட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பது லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த நாட்டில் மிக மலிவாகக் கருதப்படும் கட்டுப்பணமும் இங்கிருந்து கட்டப் போனால் ஒரு குடும்பத்தின் மாத வரவு. குறைந்த விலைக் காப்புறுதியைத் தேடி அலைவதைவிட, சட்டப்படி மற்றவர் கட்ட வேண்டியதை அவரே கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பதே கட்டுப்படியாகும் வழி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டினால் அது நாம் கட்டியதுதான். துண்டு முறையின் கடன் வேறு வேடத்தில் வருகிறது.

நம் நாட்டுப் பக்கத்திலும் கட்டப்பட்ட ஒரு காப்புறுதி இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், ஊரில் சொல்வதுபோல் பீரோவில், பதிந்துவிட்டுப் போகிறவருக்குப் பதிவோடு சேர்ந்தே காப்புறுதியும் கிடைக்கிறது. ஒப்பந்தம் முடிந்து தொடர்ந்து தங்குகிறவர் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்பது பலர் கவனிக்காமல் விடுகிற இடம். பதியாமல் போகிறவருக்கு ஆரம்பத்திலிருந்தே எதுவும் இல்லை. 2022 நவம்பரில் நாட்டையே உலுக்கிய ஓமான் ஆட்கடத்தல் விவகாரத்தில் பெண்கள் சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்டிருந்தார்கள். சுற்றுலாப் பயணியாகப் போனவரை எந்தத் தொழில் சட்டமும் ஊழியராக எண்ணுவதில்லை. இதற்குப் பெண்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரைத் தடுத்தது. தடுக்கப்பட்டவர்களுக்குக் கடன் நின்றுவிடவில்லை. பதிவை விட்டு விலகிய வழியொன்றைச் சப் ஏஜென்ட் காட்டும்போது அதில் போனவர்கள் காப்புறுதியையும் சேர்த்தே இழந்தார்கள். பிள்ளையைக் காப்பதற்காகப் போட்ட விதி தாயைக் காப்பில்லாமல் அனுப்பியது.

நோய் வந்தால் திரும்பி வந்துவிடலாம், இங்கே வைத்தியம் இலவசம்தானே என்பது அடுத்த மறுப்பு. நம் இலவச வைத்தியத்தின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். 2010 ஆகஸ்டில் உடம்பில் ஆணிகளோடும் ஊசிகளோடும் சவுதியிலிருந்து திரும்பிய பெண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தது கம்புறுபிட்டியவின் அரச வைத்தியசாலை. மஸ்கெலியாவுக்கும் நோர்வூட் வழியே போனால் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடம் 2017 மே 12இல் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே வந்து சேர முதலில் எஜமான் விட வேண்டும், கடவுச்சீட்டு கைக்கு வர வேண்டும், விமானச் சீட்டுக்குப் பணம் வேண்டும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும். குடல்வால் வெடிப்பதும் மாடியிலிருந்து விழுவதும் விமானத்துக்குக் காத்திருக்காது. அதோடு, வெளிநாட்டில் ஒருவர் உழைப்பைப் பெற்று, அந்த உழைப்பால் கெட்ட உடம்பை நம் ஏழை நாட்டின் வரிப்பணம் சரிப்படுத்துவது என்றால், 1872இல் துரைமார் மீது வைத்த பொறுப்பை இன்று நாமாகவே விட்டுக்கொடுக்கிறோம்.

கொஞ்சப் பணத்துக்கு விற்கிற பயணக் காப்புறுதி ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் என்ன என்று இன்னொரு யோசனை. அது சில வாரப் பயணிக்காகச் செய்யப்பட்ட பண்டம். திடீர் நோய்க்கும் விபத்துக்கும் கொடுக்கும். ஏற்கனவே உள்ள சீனி வருத்தம், பிரஷர், பழைய முதுகுவலி ஆகியவற்றைப் பெரும்பாலான பத்திரங்கள் விலக்கிவைக்கும். உடல் உழைப்பு வேலையில் ஏற்படும் காயத்தையும் பல பத்திரங்கள் விலக்கும். நாற்பது வயதில் போகிற ஒரு கொழுந்துக்காரருக்கு அதிகம் வரக்கூடிய நோய்கள் இவையே. இரண்டு ஆண்டு வேலைக்கு அதை நம்பிப் போவது வீண் செலவு. ஒரே ஒரு இடத்தில் அது பொருந்தும்: எஜமானின் காப்புறுதி தொடங்கும்வரை உள்ள இடைவெளி. அந்த இடைவெளியையும் ஒப்பந்தத்தில் எழுதி எஜமான் மீது வைக்க முகவரைக் கேட்க வேண்டும். முகவர் வாங்குகிற பணத்துக்கு அது மிகச் சிறிய வேலை.

இனி இரண்டாவது கேள்வி, அத்தாட்சி யார் கையில் என்பது. துபாயில் எஜமான் முறையாகக் கட்டணம் கட்டியிருந்தாலும் அட்டை மேடத்தின் மேசை இழுப்பறைக்குள் இருந்தால், நோயாளி மருத்துவமனை வாசலில் காப்புறுதி இல்லாதவர்போலவே நிற்பார். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அட்டையின் இருபக்கத்தையும் போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். பீரோ பதிவு இலக்கமும் ஒப்பந்தத்தின் பிரதியும் லயத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அங்கிருந்து பேச முடியாதபோது இங்கிருந்து குடும்பம் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்தால் முதலில் கேட்கப்போவது அந்த விபரங்களைத்தான். முறைப்படி ஒவ்வொரு பெண்ணின் அட்டை இலக்கத்தையும் முகவரே எழுதிவாங்கிப் பணியகத்தில் சேர்க்க வேண்டும் என்று விதி செய்வது கடினமில்லை. அம்மைப்பால் குத்திய ஒவ்வொருவரையும் மண்டபத்தில் எண்ணிக் கணக்கில் ஏற்ற முடிந்தது. இதற்கு மட்டும் ஏன் முடியாது என்பதைப் பணியகம் விளக்க வேண்டும், மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.

யாத்திரிகரும் உறவினரைப் பார்க்கப் போகிறவரும் அடுத்த வாரம் நிச்சயம். கட்டாருக்குப் போகும் விருந்தினர் 2023 பெப்ரவரி முதல் மாதத்துக்கு 50 ரியால் கட்ட வேண்டியிருப்பதும், ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பு கேட்கப்படுவதும், இந்தியாவுக்குப் போகிறவரிடம் யாரும் எதுவும் கேட்காததால் பெரும்பாலானோர் வெறுங்கையோடு போவதும் அதில் வரும்.