டிக்கெட் விற்காத பாராட்டு விருந்து

நம் சங்க விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம், பிறகு பந்தி. இதிலென்ன பெரிய சமாச்சாரம் என்று தோன்றும். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே வழக்காக இருந்த ஊரில், விருந்தும் ஒரு போராட்டம்தான்.

அமெரிக்காவின் அட்லாண்டா, மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர். பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் நிறபேதம் கூடாது என்ற சட்டம் 1964 ஜூலையில் வந்தது. அதே ஆண்டு கிங்குக்கு நோபல் அமைதிப் பரிசு. ஊரார் பாராட்டு விருந்து வைக்கலாம் என்றதும் வெள்ளை முதலாளிகள் பலர் நழுவினார்கள். டிக்கெட் போகவில்லை.

மேயர் ஐவன் ஆலனும் கொக்கோ கோலா தலைவர் பால் ஆஸ்டினும் அவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். "உலகமெல்லாம் வியாபாரம் செய்யும் கம்பெனிக்கு இந்த ஊர் அவசியமில்லை, ஊருக்குக் கம்பெனி வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்ற பொருள்பட ஆஸ்டின் பேசியதாக, கிங்கின் தோழர் ஆண்ட்ரூ யங் பின்னாளில் சொன்னார். அவ்வளவுதான், டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோச்சு!

1965 ஜனவரி 27 அன்று டிங்க்ளர் பிளாசா ஹோட்டலில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சுமார் 1,500 பேர் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மனசு மாறி வந்தவரும் இருந்திருப்பார், கணக்குப் பார்த்து வந்தவரும் இருந்திருப்பார். சட்டம் கதவைத் திறந்துவிடும். பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியது மனிதர்தான்.

நம் பந்தியிலும் யார் பக்கத்தில் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமே.